தளவாய் பெயரில் ஒரு வைப்பு

மருதங்கோட்டை ராஜா விசயகேசரிக்குப் பெயர் வைக்கும் பைத்தியம். வெட்டிய குளம், வாங்கிய யானை, தோட்டத்து மாம்பழம், எல்லாவற்றுக்கும் அவர் பெயர்தான். வீணையாவது தப்பியதா? அதுவும் இல்லை!

அரண்மனை வீணைக்காரி அபிராமவல்லி, வீணைத் தண்டியின் மெழுகில் மெட்டுகள் என்ற பித்தளைக் கட்டைகளைப் பதிக்கும் முறையில் புது வைப்பு ஒன்று கண்டுபிடித்தாள். சுருதி தேனாக இழைந்தது. புது வைப்புக்கு அதை உண்டாக்கியவர் பெயரை இடுவது அந்த ஊர் வழக்கம். தளவாய் சிங்கமராயர் விடுவாரா?

"விசயகேசரி வைப்பு என்று தண்டோரா போடுவோம், மகாராஜா!"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அபிராமவல்லி விகடகவி அனந்தப்பனிடம் ஓடினாள். "அண்ணா, ராப்பகலா உழைச்சுக் கண்டது. என் பேரே இல்லாமப் போச்சே!"

"அழாதே தங்கச்சி. நான் பார்த்துக்கறேன்."

அனந்தப்பன் நேரே சபைக்குப் போனான். "தளவாய் சொன்னது போதாது, மகாராஜா! தங்கள் பெயர் தாங்கிய மெட்டைக் கண்டவரெல்லாம் தொடலாமா? பெயருக்கு உரியவரைத் தவிர யார் நகர்த்தினாலும் விரல் போகும் என்றும் சேருங்கள்!"

"ஆகா, சேருங்கள்!" என்றார் தளவாய். தண்டோரா முழங்கியது.

சித்திரை பிறந்தது. சம்பந்தி ராஜா விருந்துக்கு வந்தார். அவர் பொல்லாத சங்கீத ரசிகர். வெயிலில் மெழுகு இளகி மெட்டுகள் நகர்ந்திருந்தன. அபிராமவல்லி மீட்டினாள். வால் மிதிபட்ட பூனைபோல் வீணை கத்தியது. சம்பந்தி காதைப் பொத்திக்கொண்டார்.

"சரிசெய், பெண்ணே!" என்று ராஜா பதறினார்.

"விரல் போகுமே, மகாராஜா!"

அனந்தப்பன் சுடுமெழுகோடு வந்து பணிவாக நின்றான். "பெயருக்கு உரியவர் தாங்கள். தாங்களே உட்கார்ந்து மெட்டு வைக்க வேண்டும்."

ராஜாவுக்கு ஸாவும் தெரியாது, பாவும் தெரியாது. சம்பந்தி வேறு ஆவலோடு பார்க்கிறார். ராஜாவுக்கு வியர்த்துக் கொட்டியது.

"இது இனிமேல் அபிராமவல்லி வைப்பு! அவளே தொடட்டும்!"

அவள் மெட்டுகளைச் சரியாகப் பதித்து வாசித்தாள். சம்பந்தி சொக்கிப்போய்த் தன் முத்துமாலையையே கழற்றி அவளுக்குப் போட்டார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "மானத்தை வாங்கினாலும் காப்பாற்றிவிட்டாய், அனந்தப்பா! என்ன வேண்டும், கேள்."

"ஒன்றுமில்லை, மகாராஜா. முதலில் பூனை மாதிரிக் கத்தியதே, அதுவும் ஊர் கேட்டறியாத புது வைப்புதான். வழக்கப்படி, தண்டோரா போட்டு அதை உண்டாக்கிய தளவாய் பெயரை அதற்கு வைத்துவிடுங்கள்!"