மேஜருக்குக் காலில் முள் இல்லை

"இந்த நாய்க்கு என்னதான் கேடு?"

கேட்டவர் கொப்பையா. கேட்டதோடு விடவில்லை, வேலிப் படலை ஓர் உதை விட்டார்.

படல் விழுந்தது.

இந்தக் கதையின் முடிவில் ஒரு சிரிப்பு இருக்கிறது. அது எங்கேயும் ஓடிப்போகாது. இப்போதே சிரித்தால் பல் மிஞ்சாது. கொப்பையா அவ்வளவு கோபத்தில் இருக்கிறார்.

கூவலூர் ஜமீனின் வேட்டை நாய்களுக்கு அவர்தான் தலைவர். ஐம்பத்தாறு வயது. கோபம் வந்தால் கழுத்து புடைக்கும். கழுத்து புடைத்தால் தாயத்துக் கயிறு இறுகும். அந்த வாரம் முழுக்கக் கயிறு தளரவே இல்லை.

சத்தம் கேட்டு ஆவுடை வெளியே வந்தாள்.

அவளுக்கு முப்பது இருக்கும். கூண்டில் கவுதாரி வளர்க்கிறவள். முட்டுகிற மாட்டையும் கடிக்கிற குதிரையையும் அவளிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எட்டாம் நாள் வந்தால் ஆடு மாதிரி நிற்கும். என்ன செய்தாய் என்று கேட்டால், "ஒண்ணும் செய்யலையே" என்பாள்.

தன்னைவிட இருபத்தாறு வயது சின்னவளிடம் வந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று கொப்பையாவுக்குத் தனியாக ஒரு கோபம்.

ஆவுடை விழுந்த படலைப் பார்த்தாள். அப்புறம் நாயைப் பார்த்தாள். வெள்ளை உடம்பு. அங்கங்கே காப்பிக்கொட்டை நிறத்தில் திட்டு. தொங்குகிற காது.

"பேரு?"

"மேஜர். துரை வச்ச பேரு. சீமைக்குக் கிளம்பும்போது நம்ம மகாராஜா தலையில கட்டிட்டுப் போயிட்டான். பதிலுக்கு என் சிப்பிப்பாறை நாய் ரெண்டையும் கப்பல்ல ஏத்திட்டான். ரெண்டும் கண்ணு திறக்காத நாள்லயிருந்து என் கையில கஞ்சி குடிச்சது."

அதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. உடனே ஏறிக்கொண்டது.

"இது என்ன செய்யுது, அண்ணாச்சி?"

"ஒண்ணும் செய்யல! அதானே கேடு! என் நாய்ங்க முயலைக் கண்டா அம்பு. இது பறவை வாசம் பட்டா நிக்குது. வாலை விறைச்சுக்கிட்டு, முன்னங்கால் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு, அய்யனார் கோயில் மண்குதிரை மாதிரி நிக்குது. முள்ளு தைச்சிருக்கும்னு இருபத்தோரு தடவை காலைப் புடிச்சுப் பார்த்தேன். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வச்சுக் கட்டினேன். முள்ளே இல்ல தாயி! மறுநாளும் தூக்குது!"

"காலைத் தூக்கி நின்னப்ப நீங்க எதைப் பார்த்தீங்க?"

"காலைத்தான்."

"அது எதைப் பார்த்துச்சு?"

கொப்பையா கைக்கம்பைத் தரையில் குத்தினார்.

"அது எதைப் பார்த்தா எனக்கென்ன?"

ஆவுடை தலையாட்டினாள். "வேற?"

"சுட்டு விழுந்த பறவையைக் கவ்வுது. எப்படி? பூவைக் கவ்வுற மாதிரி! ஒரு பல்லு படல. சரி, கொண்டாடான்னா, பத்தடி தள்ளி நின்னுக்கிட்டு முழிக்குது. கிட்டப் போனா ஓடுது. அது ஓட, நான் விரட்ட, சாவடிப் புளியமரத்தை நாலு சுத்து சுத்தினேன். ஊரே வேடிக்கை பார்த்துச்சு. ஆத்திரத்துல இந்தக் கம்பை எடுத்து வீசினேன். அது மேல படல. கவுதாரியைக் கீழ போட்டுட்டு ஓடிப் போயி, கம்பைக் கவ்விக் கொண்டாந்து என் கையில குடுக்குது! கம்பைக் குடுக்குது, தாயி! என்னைக் கேலி பண்ணுது!"

கூண்டுக்குள்ளிருந்து, "கத்தீத்தர்! கத்தீத்தர்!" என்று சத்தம் வந்தது.

"அதை முதல்ல வாயை மூடச் சொல்லு!"

கவுதாரி மூடவில்லை.

"இன்னைக்கு வியாழன்," என்றார் கொப்பையா. "நாளைக்கு இல்ல, அடுத்த வெள்ளிக்கிழமை மகாராஜா வேட்டைக்கு வர்றாரு. என்ன சொன்னாரு தெரியுமா?" மூக்கைச் சுருக்கி, தொண்டையை இழுத்து, மகாராஜாவாகவே மாறினார். "'கொப்பையாஆ, வெள்ளிக்கிழமை நாய் சரிப்படலேன்னா, நாய்க்கு ஒரு தோட்டாஆ. உனக்குக் குதிரை லாயத்துல சாணிக்கூடைஏ.'"

மேஜர் அண்ணாந்து பார்த்து வாலை ஆட்டியது.

"பாரு, ஆட்டுது! சாகப் போறது தெரியாம ஆட்டுது!"

ஆவுடை குனிந்து நாயின் காதைத் தடவினாள்.

"விட்டுட்டுப் போங்க. எட்டாம் நாள் சரியாயிரும்."

"அப்பாடா. கட்டிப் போட்டுட்டு நான் கிளம்புறேன்."

"நீங்களும் இருக்கணும்."

"நான் எதுக்கு?"

"நாய்க்குத் துணைக்கு."

அப்புறம் கையை நீட்டினாள். "கம்பு எங்கிட்ட இருக்கட்டும்."

வெள்ளிப் பூண் போட்ட கம்பு அது. தாத்தா பிடித்தது, அப்பா பிடித்தது. கம்பில்லாத கொப்பையாவை ஊரில் யாரும் பார்த்ததில்லை. முறைத்துக்கொண்டே கொடுத்தார்.

அவள் விழுந்த படலைத் தூக்கி நிறுத்தி, கம்பை அதற்கு முட்டுக் கொடுத்தாள்.

*

மறுநாள் காலை. கொழுஞ்சியும் ஆவாரையும் மண்டிய காடு. ஆவுடையின் இடுப்பில் இரண்டு சுருக்குப்பை. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று.

மேஜர் நின்றது. வால் விறைத்தது. கால் எழும்பியது.

கொப்பையா காலைப் பிடிக்கக் குனிந்தார்.

"அசையாதீங்க."

பாதி குனிந்தபடி நின்றார்.

நாயின் மூக்கு நீட்டிய திசையிலேயே ஆவுடை நடந்தாள். ஏழெட்டு அடி. புல்லை ஒரு தட்டு தட்டினாள்.

ஃபுர்ர்ர்ர்!

நாலு காடை ஒன்றாகக் கிளம்பிப் பறந்தன. கொப்பையா பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டார்.

"ட்ளக்" என்று ஆவுடை நாக்கைத் தட்டினாள். இடது பையிலிருந்து ஒரு துண்டு கருவாடு எடுத்து மேஜருக்குப் போட்டாள்.

வலது பையிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொப்பையாவின் உள்ளங்கையில் வைத்தாள். பொரிகடலை.

"காலையில சாப்பிட்டிருக்க மாட்டீங்க, அண்ணாச்சி."

மரியாதை தெரிந்த பிள்ளைதான் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தோடேயே மென்றார். கோபத்தில் மென்றால் பொரிகடலை நன்றாகத்தான் இருக்கிறது.

"நாய் நின்னா நீங்களும் நிக்கணும்," என்றாள் ஆவுடை. "காலைப் பார்க்காதீங்க. சத்தம் போடாதீங்க."

"எம்புட்டு நேரம்?"

"நான் நாக்கைத் தட்டுற வரைக்கும்."

சிரிப்பு எங்கே என்றால், வந்துகொண்டிருக்கிறது. அவசரப்படுத்தினால் காடை மாதிரி பறந்துவிடும்.

*

இரண்டாம் நாள் கொப்பையாவால் முடியவில்லை.

"எத்தனை நேரம்டா நிப்ப, சனியனே! போயி அமுக்குடா!"

காடைகள் தாமாகப் பறந்தன. மேஜர் மெதுவாகத் திரும்பியது. கொப்பையாவைப் பார்த்து வாலை விறைத்தது. ஒரு காலைத் தூக்கியது.

"என்னை எதுக்குப் பார்த்து நிக்குது இது?"

"திடீர்னு சத்தத்தோட வெடிச்சுக் கிளம்புற எதைக் கண்டாலும் அது அப்படித்தான் நிக்கும், அண்ணாச்சி."

தாயத்துக் கயிறு இறுகியது. ஆவுடை முன்னால் நடந்தாள். கொஞ்ச தூரம் போனதும் கொப்பையா கேட்டார்.

"இன்னைக்குக் கடலை கொண்டாரலையா?"

"இருக்கு."

"அப்ப?"

அவள் நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த இடத்தில் மேஜர் நின்றது. கொப்பையா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஓர் எறும்பு காலில் ஏறி முழங்கால்வரை போய்த் திரும்பியது. அப்போதும் நின்றார்.

"ட்ளக்."

கருவாடு. கடலை.

*

நாலாம் நாள், கொப்பையாவுக்கு வேறு வேலை இல்லாததால், நாயின் மூக்கு போகும் வழியில் பார்க்க ஆரம்பித்தார். புல். இன்னும் புல். அப்புறம் புல்லுக்குள் ஒரு கண்.

"அந்தா," என்றார். "அந்தக் கொழுஞ்சிச் செடிக்கு அடியில."

ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார். பிறந்ததிலிருந்து அந்தக் குரலில் அவர் பேசியதில்லை. அப்படி ஒரு குரல் தன்னிடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

"ட்ளக்."

அன்றைக்குக் கடலையோடு ஒரு துண்டு கருப்பட்டியும் இருந்தது.

*

ஐந்தாம் நாள் ஆவுடை ஒரு துணிப் பொட்டலத்தில் கவுதாரி இறகுகளைத் தைத்து எடுத்து வந்தாள். வீட்டு வாசலில் நின்று தூர எறிந்தாள்.

மேஜர் பாய்ந்து போய்க் கவ்வியது.

"உக்காருங்க, அண்ணாச்சி. கையை விரிச்சு முழங்கால் மேல வைங்க."

மேஜர் நேராக வந்தது. நிற்கவில்லை, சுற்றவில்லை, முழிக்கவில்லை. பொட்டலத்தை அவர் உள்ளங்கையில் வைத்தது.

"ட்ளக்."

இரண்டு பேரும் தின்றார்கள்.

"ஏன் இப்ப மட்டும் குடுக்குது?"

ஆவுடை தாடையால் தன் வீட்டு வேலியைக் காட்டினாள். படலுக்கு முட்டுக் கொடுத்தபடி கம்பு சாய்ந்திருந்தது. வெள்ளிப் பூண் வெயிலில் மின்னியது.

கொப்பையா வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"படலை இறுக்கிக் கட்டணுங்கிறியா?"

ஆவுடை கூண்டுக் கவுதாரியைப் பார்த்தாள். கவுதாரிகூடச் சத்தம் போடவில்லை.

*

ஆறாம் நாள் மத்தியானம் கொப்பையா வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். சுவரில் ஒரு பல்லி, "ட்ளக்" என்றது.

அவர் வாயில் எச்சில் ஊறியது.

பசி போல என்று நினைத்துக்கொண்டார்.

*

வெள்ளிக்கிழமை.

மகாராஜா வந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னதும் கொப்பையா வேலிக்கு ஓடினார். மகாராஜா முன்னால் வேட்டைத் தலைவன் வெறுங்கையோடு நிற்பதாவது! கம்பை உருவினார்.

படல் விழுந்தது.

ஆவுடை இரண்டு பைகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

மகாராஜா குதிரையை விட்டு இறங்கி, துப்பாக்கியோடு காட்டுக்குள் வந்தார். மேஜர் முன்னால் ஓடியது. ஓடியது நின்றது. வால். கால்.

"என்னய்யாஆ இது, முள்ளாஆ?"

"உஷ்!" என்றார் கொப்பையா.

மகாராஜாவை. உஷ் என்று.

மகாராஜாவின் வாய் திறந்தபடியே நின்றது. இதுவரை யாரும் அவரிடம் அப்படிச் சொன்னதில்லை.

"மூக்குக்கு நேரா," என்றார் கொப்பையா, அந்தப் புதுக்குரலில். "எட்டடி. ஆவாரை மூட்டுல. துப்பாக்கியைத் தயாரா வைங்க மகாராஜா."

மெதுவாக நடந்து போய்ப் புல்லைத் தட்டினார். கவுதாரிகள் கிளம்பின. வெடி வெடித்தது. ஒன்று விழுந்தது.

மேஜர் போய் எடுத்தது. பூவைப் போலக் கவ்விக்கொண்டு வந்தது. பத்தடி தூரத்தில் நின்றது.

நின்றேவிட்டது.

"கொண்டா!" என்றார் கொப்பையா.

வரவில்லை.

"கொண்டாடா!"

ஓர் அடி பின்னால் போனது.

"குடுக்க மாட்டேங்குதேஏ," என்றார் மகாராஜா. துப்பாக்கியில் புதுத் தோட்டா போட்டார். குழல் மெதுவாக நாயின் பக்கம் திரும்பியது.

கொப்பையாவின் கழுத்து புடைத்தது. எட்டு நாள்! எறும்பு ஏற நின்ற எட்டு நாள்! சாணிக்கூடை! கப்பலில் போன இரண்டு நாய்கள்! கம்பு பிடித்த கை தானாக மேலே எழுந்தது.

மேஜரின் கண்ணும் மேலே எழுந்தது.

கையை இறக்கினார். கண்ணும் இறங்கியது.

நாய் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் மூக்கு நீட்டிய வழியிலேயே கொப்பையா பார்த்துக்கொண்டு வந்தார். புல். செருப்பு. வேட்டி. வலது கை. வெள்ளிப் பூண்.

கம்பைக் கீழே போட்டார்.

உட்கார்ந்து, உள்ளங்கையை விரித்து முழங்கால் மேல் வைத்தார்.

மேஜர் வந்தது. கவுதாரியை வைத்தது. ஒரு பல் படவில்லை.

"சபாஷ்!" மகாராஜா துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டார். "எட்டே நாள்ல நாயைப் பழக்கிட்டியேஏ! எப்படிய்யாஆ?"

கொப்பையா எழுந்து கவுதாரியை அவரிடம் நீட்டினார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். நெஞ்சை நிமிர்த்தினார்.

"மகாராஜா, தாத்தா காலத்துலயிருந்து எங்க பரம்பரையே..."

"ட்ளக்."

பேச்சு அப்படியே நின்றது. கொப்பையாவின் கை, யாரும் சொல்லாமலே, பின்பக்கம் நீண்டது. அதில் ஒரு கைப்பிடி விழுந்தது. இன்றைக்கு நிறையவே விழுந்தது. கருப்பட்டி இரண்டு துண்டு. அவ்வளவையும் வாயில் போட்டு மென்றார்.

பக்கத்தில் இன்னொரு மெல்லுகிற சத்தம் கேட்டது.

குனிந்து பார்த்தார். மேஜர் கருவாட்டை மென்றுகொண்டு, தலையைச் சாய்த்து, ஆவுடையின் இடது பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தன் கழுத்தும் சாய்ந்திருப்பதைக் கொப்பையா அப்போதுதான் கவனித்தார். தான் பார்த்துக்கொண்டிருந்தது வலது பையை.

மெல்லுவது நின்றது.

ஆவுடையைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். ஒரு கால் தரையில் இல்லை.

தாயத்துக் கயிறு இறுகியது.

கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

வாய் நிறையக் கடலை.