காணாமல் போன ஆறு குதிரைகள்

“டீச்சருங்க, ஆறு குதிரையைக் காணோமுங்க.”

ஜெசிந்தா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். “இருநூத்தி நாலு இருக்குதுங்களே, அண்ணா.”

“இருநூத்திப் பத்து வரணுமுங்க.”

“யார் சொன்னா?”

“நான்தான் சொன்னேன். தாரணிகிட்ட.”

குழந்தைவேலுக்கு ஐம்பத்து மூன்று வயது. முப்பது வருஷமாக இன்ஜின் பிரித்து மாட்டுகிற கை. ஜெசிந்தாவுக்கு முப்பத்து நான்கு. இருகூர் போகிற வழியில், ஒரு தகரக் கொட்டகையில் டைனோ வைத்திருக்கிறாள். தரையில் பதித்த பெரிய உருளைகள்தான் டைனோ. அவற்றின்மேல் காரின் பின்சக்கரங்களை நிறுத்தி, பட்டை போட்டு இறுக்கிக் கட்டி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓட்டினால், வண்டிக்கு எத்தனை குதிரைத்திறன் என்று திரை சொல்லிவிடும்.

எட்டு மாதமாக குழந்தைவேல் அவளிடம் இதைக் கற்றுக்கொள்கிறார். முதலில் கேலியாகத்தான் டீச்சர் என்று கூப்பிட்டார். இரண்டாம் வாரமே கேலி போய்விட்டது.

உருளைமேல் நின்றது அவரே கட்டிய சிவப்பு பந்தயக் கார். ஞாயிற்றுக்கிழமை அதை ஓட்டப்போவது அவர் மகள் தாரணி.

இன்று வெள்ளி.

போன வருஷம் தாரணி ஓட்டிய காருக்குத் திறன் போதவில்லை. நேர்ப்பாதையில் பின்தங்கியதைத் திருப்பத்தில் பிடிக்கப் பார்த்தாள். கார் சுழன்று டயர்ச் சுவரில் மோதியது. வலது மணிக்கட்டு உடைந்தது. அப்பா அதைக் கண்ணால் பார்த்தவர். இந்த முறையும் குதிரை குறைந்தால் பிள்ளை மறுபடி திருப்பத்தில்தான் ஈடுகட்டப் போவாள். அந்த நினைப்பு வந்துவிட்டால் அவருக்குச் சோறு இறங்குவதில்லை.

“இன்னொருக்கா ஓட்டிப் பாத்தர்லாமுங்க.”

ஓர் ஓட்டம் முடிந்தால் பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே ஆளுயர மின்விசிறியைச் சுற்றவிட்டு, அரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அது அந்தக் கொட்டகையின் வழக்கம். ஜெசிந்தா விசிறிப் பக்கம் போனாள்.

“அதுக்கெல்லாம் நேரமில்லீங்க டீச்சர்.”

ஜெசிந்தா நின்றாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“சரிங்ண்ணா” என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

காரில் ஏறும் முன் அவர் போனை எடுத்தார்.

“கண்ணு, பயமா இருக்குதா?”

“எனக்குங்களா?” தாரணி சிரித்தாள். “காலைல ஆறு மணிக்கே கேட்டீங்களே. அதெல்லாம் இல்லீங்ப்பா.”

ஏறி உட்கார்ந்து மிதித்தார். கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. பின்சக்கரங்கள் உருளைமேல் அலறி ஓய்ந்தன.

“எத்தனைங்க?”

“இருநூத்தி ஒண்ணு.”

குழந்தைவேலுக்கு நெற்றி வியர்த்தது. இறங்கி, பட்டைகளை இழுத்துப் பார்த்தார். டயரில் காற்றுப் பார்த்தார். போனை எடுத்தார்.

“கண்ணு, கை வலிக்குதா?”

“வலிக்கலீங்ப்பா.”

“பயமில்லயே?”

“இல்லீங்...” கொஞ்சம் இழுத்தாள். “ஏனுங்ப்பா, கார்ல ஏதாச்சும் கோளாறா?”

“ஒண்ணுமில்ல கண்ணு.”

மறுபடி ஏறினார்.

“நூத்தித் தொண்ணூத்தி ஏழு” என்றாள் ஜெசிந்தா.

எங்கோ கசிகிறது, எதுவோ தேய்கிறது, இரண்டு மாதம் கண் விழித்துக் கட்டிய இன்ஜினில் தன் கையாலேயே ஒரு தப்பு நடந்திருக்கிறது. மனசு அதன் பாட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டே போனது. வெளியே சித்திரை வெயில். போன் காதில் இருந்தது.

“கண்ணு, அந்த மூணாவது திருப்பத்துல...”

“அதையே நினைச்சுட்டு இருக்கேனுங்ப்பா.” தாரணியின் குரலில் இப்போது சிரிப்பு இல்லை. “காலைல நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப என்னமோ மாதிரி இருக்குது.”

நாலாவது முறை அவர் மிதித்த மிதியில் பட்டைகள் முனகின.

“நூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு.”

குழந்தைவேல் இறங்கிக் காரின் மேலேயே சாய்ந்துகொண்டார். ஐந்தாவது முறையாக மகளைக் கூப்பிட்டார். அவர் வாய் திறக்கும் முன் அவளே கேட்டாள்.

“அப்பா, ஞாயித்துக்கிழமை நான் ஓட்டியே ஆகணுங்களா?”

அவர் போனை வைத்துவிட்டார்.

“எல்லாம் போச்சுங்க டீச்சர். இன்ஜினைப் பிரிச்சர்றேன்.”

“ஞாயித்துக்கிழமைக்குள்ள மாட்டிருவீங்களா?”

“தெரியலீங்க.”

“மாட்டலைன்னா?”

“பாப்பா ஓட்ட மாட்டா. இந்த வருஷம் விட்டா அப்புறம் அவ பந்தயக் கார்ல உட்காரவே மாட்டாளுங்க. எனக்குத் தெரியும்.” ஸ்பானரைத் தேடிக் கை மேஜைமேல் அலைந்தது.

ஜெசிந்தா எழுந்து வந்து பானெட்டைத் திறந்தாள்.

“இங்க கை வைங்கண்ணா.”

இன்ஜினுக்குக் காற்று போகிற குழாய். அவர் யோசிக்காமல் வைத்தார். வெடுக்கென்று எடுத்தார்.

“சுடுதுங்க.”

“காலைல வந்தப்ப?”

“ஜில்லுன்னு இருந்துச்சு.”

“யார் சுட வெச்சா?”

குழந்தைவேல் விரல்களை ஊதிக்கொண்டே நின்றார். சூடேறின இன்ஜின் முழுத் திறனைத் தராது. இது ஒர்க்ஷாப்பில் வேலை பழக வருகிறவனுக்கே தெரியும். அவருடைய நீள நோட்டில் முதல் பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே, இரண்டு கோடு போட்டு எழுதியிருக்கிறது. ஊரில் எத்தனையோ மெக்கானிக்குகளை இதற்காகத் திட்டியும் இருக்கிறார்.

“அப்போ இன்ஜின்ல ஒண்ணுமில்லீங்களா?”

“காலைல இருநூத்தி நாலு. ஆற விட்டா மறுபடி இருநூத்தி நாலு. நீங்க எண்ண எண்ணத்தான் குறைஞ்சுது.”

“நீங்க மூணு தடவையும் ஒண்ணும் சொல்லாம விட்டீங்களே!”

“சொன்னா நிறுத்தியிருப்பீங்களா?”

ஜெசிந்தா விசிறியைப் போட்டாள். பெரிய காற்று எழுந்து கொட்டகை முழுக்கச் சுற்றியது. இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். குழந்தைவேலின் நெஞ்சு மெல்ல இறங்கியது. இருநூற்று நாலு. மோசமில்லை. போன வருஷக் காரைவிட முப்பது அதிகம்.

கால் மணி நேரம் போயிருக்கும். சட்டைப் பையில் கை விட்டார்.

“பாப்பாகிட்ட கார் நல்லாருக்குன்னு சொல்லிடறேனுங்க. அப்படியே, பயம் போச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

ஜெசிந்தா குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள்.

“இது எத்தனையாவது தடவைங்கண்ணா?”

குழந்தைவேல் விரல் மடக்கினார். காலையில் ஆறு மணிக்கு, ஒன்று. சிரித்தாளே, அது இரண்டு. இழுத்தாளே, அது மூன்று.

நாலாவது விரல் குழாயில் சுட்டுக்கொண்ட விரல்.

போனை அணைத்து, விசிறிக் காற்றில் வைத்தார்.