ஐந்து மார்க்குக்குப் பத்து வார்த்தை

பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் பெனிட்டா டீச்சர் இங்கிலீஷ் இலக்கண வகுப்பு நடத்தி வந்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி. அவளிடம் படித்தவர்களில் மூத்தவர் கோமதிநாயகம், ரிட்டையர் ஆன பஸ் கண்டக்டர். அறுபத்து மூன்று வயதில் ஏ பி சி டி எழுத உட்கார்ந்தால் ஊர் சும்மா இருக்குமா? கேலி பேசத்தான் செய்தது. மனுஷன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கனடாவில் இருந்த அவருடைய ஒரே மகன் முருகவேல் போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டான். அவன் மகளுக்குப் பத்து வயசு, தமிழ் தெரியாது. அப்பா சின்னப் பிள்ளையில் எப்படி இருந்தார் என்று தாத்தாவிடம் கேட்டிருந்தாள். தமிழில் எழுதினால் மருமகள்தான் படித்துச் சொல்ல வேண்டும். பாவம், அவளை வேறு அழ வைப்பதா? அதனால்தான் இந்தப் படிப்பு.

எட்டு மாசம் கழித்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தார். முருகவேல் நேர்மையானவன், அன்பானவன், கடின உழைப்பாளி, கீழ்ப்படிந்தவன் என்று வரிசையாகப் போயிற்று.

"ஒரு தப்புகூட இல்ல அண்ணாச்சி."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீச்சர் பேனாவை எடுத்து மகன் பேரை அடித்துவிட்டு, மேலே மைதீன் என்று எழுதினாள்.

"கீழ ஜெராக்ஸ் கடை பாய். இப்பப் படிங்க, பொருந்துதா?"

படித்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அவர் முகம் செத்துவிட்டது.

"அப்ப எட்டு மாசமும் வீணா டீச்சர்?"

"தப்பு என்னோடது. பரீட்சைல எந்தக் கதாபாத்திரத்தப் பத்திக் கேட்டாலும் பேரை மட்டும் மாத்திப் போடுங்க, இந்தப் பத்து வார்த்தைக்கு அஞ்சு மார்க் உறுதின்னு மனப்பாடம் பண்ண வச்சது நான்தான். அத விடுங்க. ஒரு நாள் உங்க மகன் என்ன செஞ்சாரு? அதச் சொல்லுங்க."

கோமதிநாயகம் காகிதத்தைத் திருப்பிப் போட்டார்.

"லீவு விட்டா என் பஸ்லயேதான் கிடப்பான். கழுத்துல என் விசிலு. வெயில்ல யாராவது நடந்து போறதப் பார்த்துட்டாப் போதும், ஊதி நிறுத்திருவான். அங்க ஸ்டாப்பே இருக்காது. டிரைவர் வண்டி வண்டியாத் திட்டுவாரு."

"எழுதுங்க."

எல்லாம் தெரிந்த வார்த்தைகள். மளமளவென்று எழுதினார். பாதியில் கை நின்றது.

"ஒரு நாள் செக்கர் ஏறி, கண்ட இடத்துல நிறுத்துனதுக்கு எனக்கு மெமோ குடுத்துட்டாரு. பஸ்ல அம்புட்டு பேர் பார்க்க, அவன் கன்னத்துல அறைஞ்சேன். அதுக்கப்புறம் அவன் என் பஸ்ல ஏறவே இல்ல. நானும் கூப்பிடல." பேனாவைக் கீழே வைத்தார். "இதையும் எழுதணுமா டீச்சர்? பேத்தி என்னை வெறுத்துட்டான்னா?"

பெனிட்டா காகிதத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"வெறுத்தா வெறுக்கட்டும், எழுதுங்க. எங்கப்பா செத்த அன்னைக்கு வந்தவங்க எல்லாரும் நல்லவரு, நல்லவருன்னு சொல்லிட்டுப் போனாங்க. யாரச் சொல்றாங்கன்னே எனக்குத் தெரியல, அண்ணாச்சி."