சிவப்புப் புள்ளிகள்

பேருந்து ஓட்டுநர் குப்பமுத்து விபத்துக்குப் பிறகு கண் திறக்கவே இல்லை. அவர் மனைவி செங்கமலம் தினமும் கட்டிலருகே உட்கார்ந்து, குழாயில் தண்ணீர் வந்தது, மகள் பரீட்சை எழுதியது என்று எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"நான் பேசுறது அவருக்குக் கேக்குதா டாக்டர்?" என்றாள் ஒருநாள்.

டாக்டர் பூவராகனுக்குப் பதில் தெரியவில்லை. முதலில் எந்த ஒலியும் இல்லாமல் குப்பமுத்துவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்தார். பிறகு செங்கமலத்தின் குரலைப் பதிவு செய்தார். ஸ்கேன் கருவிக்குள் குப்பமுத்துவின் காதில் அதை விட்டு விட்டு ஒலிக்கச் செய்தார். மூளையை ஆயிரக்கணக்கான சிறு கட்டங்களாகப் பிரித்து, குரல் ஒலித்தபோதெல்லாம் எந்தக் கட்டம் விழித்தது என்று கணக்குப் பார்த்தார். படத்தில் சில சிவப்புப் புள்ளிகள் எரிந்தன.

பூவராகனுக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தை எடுத்துக்கொண்டு ஹசீனாவிடம் ஓடினார். புள்ளியியல் பேராசிரியர் ஹசீனா அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் இந்தக் கணக்கில் அவர்தான் குரு.

"அவருக்குக் கேக்குது மேடம்!"

ஹசீனா படத்தைப் பார்த்தார்.

"குரல் எதுவும் போடாம முதல்ல ஒரு ஸ்கேன் எடுத்தீங்களே, அதைக் குடுங்க."

கொடுத்தார். அதிலும் குரல் ஒலித்ததாகவே வைத்துக்கொண்டு ஹசீனா அதே கணக்கைப் போட்டார்.

அங்கேயும் சிவப்புப் புள்ளிகள். வேறு இடங்களில்.

பூவராகன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"இத்தனை ஆயிரம் கட்டத்தைக் கேட்டா, சிலது சும்மாவே கை தூக்கும் டாக்டர்."

அத்தனை கட்டங்களையும் மனதில் வைத்து, ஒரு கட்டம் விழித்ததாக ஏற்பதற்கான வரம்பை உயர்த்தி, குரல் கேட்ட ஸ்கேனை ஹசீனா மறுபடி கணக்கிட்டார். ஒரு புள்ளியும் மிஞ்சவில்லை.

"அப்போ அவருக்குக் கேக்கலையா?"

"அப்படி நான் சொல்லலையே. நமக்குத் தெரியலை. அவ்வளவுதான்."

"அந்தம்மா என் பின்னாடியே வந்து வாசல்ல நிக்கிறாங்க மேடம். தெரியலைன்னு நான் சொல்லப்போய், பேசுறதையே விட்டுட்டா?" பூவராகன் மேசையில் கிடந்த படத்தைத் தன் பக்கம் இழுத்தார். "முதல் படத்தையே காட்டிடட்டுமா?"

ஹசீனா தம்ளரில் தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இத்தனை நாள் எந்தப் படத்தைப் பார்த்துட்டு டாக்டர் அவங்க பேசினாங்க?"

பூவராகன் தம்ளரைக் கீழே வைத்தார். படத்தை மேசையிலேயே விட்டுவிட்டு, வாசலுக்கு எழுந்து போனார்.