நசுங்காத குண்டு

எங்கள் பக்கத்து மலையில், ஊருக்கு ஒரு துப்பாக்கி என்று சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்த காலம் அது. ஊத்துப்பாறைத் துப்பாக்கி தவசியிடம் இருந்தது. அவருக்கு வயது ஐம்பத்தைந்து. அவருக்கு வேட்டை சொல்லிக்கொடுத்த ஒச்சம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. துப்பாக்கி பழுது பார்க்கிறவள். குழலைச் சுண்டிப் பார்த்தே குறையைச் சொல்லிவிடுவாள். அவர் அவளைத் தாயி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள். யார் பெரியவர் என்று இருவரும் பார்த்துக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலையில் தவசி மூன்று டப்பாக்களோடு அவள் பட்டறைக்கு வந்தார். மூன்றும் சந்தைக் கடையில் விற்கிற வார்ப்புக் குண்டுகள்.

"இதுல எது நல்ல குண்டு தாயி?"

ஒச்சம்மாள் அரத்தைக் கீழே வைக்கவில்லை.

"போன வருசம் எதைப் போட்டீங்க?"

அவர் முதல் டப்பாவைத் திறந்தார். வெள்ளியாய் மின்னியது. ஒன்றை எடுத்துக் கல்லில் போட்டார். கணீர் என்றது. வெள்ளீயம் கலந்த சரக்கு, யானை மேல் பட்டாலும் நசுங்காது என்று கடைக்காரர் சத்தியம் பண்ணியிருந்தார்.

"கோயில் மணிக்கு ஆகும்" என்றாள் ஒச்சம்மாள்.

போன வருசக் கதை மலைக்கே தெரியும். தவசி சுட்ட குண்டு பன்றியின் விலாவில்தான் பட்டது. குறி இம்மி தப்பவில்லை. ஆனால் பன்றி விழவில்லை. ஓடைக்குள் தகரம் தட்டிக் கலைத்துக்கொண்டிருந்த காளப்பன் மேல் பாய்ந்து, அவன் தொடையைக் கிழித்துவிட்டு, அப்புறம்தான் செத்தது. அன்றிலிருந்து ஊர்ப்பிள்ளைகள் தவசிக்கு, பன்றிக்குக் காது குத்தின தாய்மாமன் என்று பேர் வைத்துவிட்டார்கள்.

இப்போது தினை முற்ற இன்னும் எட்டு நாள். ஓடைப் பக்கத்து மூன்று தினைக்காடுகளைப் பன்றிகள் ஏற்கெனவே உழுதுவிட்டன. இந்த வருசமும் தினை போனால் ஊர் கஞ்சிக்கு என்ன செய்யும்? பன்றிகளைத் துப்பாக்கிக்கு நேராகக் கலைத்துவிட ஆள் வேண்டும். காளப்பன் ஓடைக்குள் இறங்கினால்தான் மற்றவர்கள் இறங்குவார்கள். காளப்பனோ வீட்டைவிட்டு வருவதாயில்லை.

தவசி மூன்று தடவை போய்ப் பேசிப் பார்த்துவிட்டார். முதல் தடவை, குறி தப்பவில்லை என்பதை விளக்கினார். அடுத்த தடவை, குண்டு துளைத்து வெளியே போனதற்குச் சுட்டவன் என்ன செய்வான் என்று கேட்டார். மூன்றாம் தடவை ஊர் நன்மையைச் சொன்னார். காளப்பன் பூண்டு உரித்துக்கொண்டே இருந்தான். அவன் பெண்சாதிதான், "தாய்மாமனுக்கு மோர் குடு" என்று மகளிடம் சொன்னாள்.

"நல்ல குண்டாக் கொண்டுபோய்க் காட்டினா நம்பிருவான் தாயி. அதான் உங்கிட்ட வந்தேன்."

"போன வருசம் சுட்ட குண்டு எங்க?"

"அது எங்க போச்சோ."

"தேடி எடுத்துட்டு வாங்க. அப்புறம் சொல்றேன்."

தவசி இரண்டு நாள் தேடினார். தான் நின்ற இடம், பன்றி நின்ற இடம், அதற்கு நேர் பின்னால் ஒரு பழைய கறையான் புற்று. அரிவாள் நுனியால் நோண்டினார். முழங்கை ஆழத்தில் கிடைத்தது. ஓடைத் தண்ணீரில் கழுவியதும் அவருக்கே ஆச்சரியம். அச்சில் வார்த்த கோடுகூட அழியவில்லை. ஓட்டமாய் வந்து அவள் முன்னால் வைத்தார்.

"பாரு தாயி. பன்னியைத் துளைச்சு, புத்தைத் துளைச்சு, அப்படியே இருக்கு."

ஒச்சம்மாள் அதைத் தொடவில்லை. ஒரு தகரப்பெட்டியைத் திறந்து இன்னொரு குண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். மிதிபட்ட அத்திப்பழம்போல் இருந்தது.

"இது என்ன, ரூபமே கெட்டுக் கிடக்கு?"

"எங்கப்பாரு சுட்ட குண்டு. பன்னி நின்ன இடத்துலயே சாஞ்சுது. நெஞ்சுக்குள்ளயே நசுங்கித் தங்கியிருந்துச்சு, நாந்தான் எடுத்தேன்."

தவசி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். அவர் அன்றைக்கு விட்டுப்போன மீதி இரண்டு டப்பாக்களிலும் கைவிட்டு, ஒவ்வொரு குண்டாய் நகத்தால் கீறினாள். ஒன்றில் நகம் வழுக்கியது. கடைசி டப்பாக் குண்டில் கோடு விழுந்தது. மங்கலான காரீயம். கல்லில் போட்டதும் தொப்பென்று விழுந்து கிடந்தது. தவசியின் துப்பாக்கிக் குழல் வாயில் வைத்து அழுத்திப் பார்த்தாள். ஒட்டினாற்போல் இறங்கியது.

"இதுதான்."

"கடைக்காரன் இதை மீன்வலைக்குக் கட்டுங்கன்னு சொன்னான் தாயி."

"அவன் கடையில இருந்து சொல்றான். அவனை என்னைக்குப் பன்னி முட்டுச்சு?"

தவசி சிரித்தார். துப்பாக்கியைத் தோளில் போட்டு, மங்கல் குண்டுகளை மடியில் கட்டிக்கொண்டு நேரே காளப்பன் வீட்டுக்குப் போனார். உச்சிப்பொழுதுக்குள் திரும்பி வந்துவிட்டார். முகம் செத்திருந்தது.

"குண்டைக் காட்டினேன். நகத்தால கீறியும் காட்டினேன். இனிமே பன்னி ஓடாது, நீ தைரியமா இறங்கலாம்னு சொன்னேன். அவன் பூண்டை உரிச்சுக்கிட்டே இருக்கான்."

"காலு எப்படி இருக்கு?"

"யாரு காலு?"

"காளப்பன் காலு."

தவசி யோசித்தார். அவன் உட்கார்ந்திருந்தான். வேட்டி மூடியிருந்தது. நாலு தடவையும் உட்கார்ந்தேதான் இருந்தான்.

"நான் பாக்கலையே தாயி."

ஒச்சம்மாள் திரும்ப அரத்தை எடுத்தாள். அவருக்குக் கோபம் வந்தது.

"நாலு தடவை போயிட்டேன். இதுக்கு மேல என்ன சொல்லணும்? என்ன சொன்னாலும் அவனுக்குள்ள இறங்க மாட்டேங்குது."

அவள் புற்றிலிருந்து வந்த குண்டை எடுத்தாள். முந்தானையால் துடைத்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள். பளபளவென்றிருந்தது.

"இறங்காம இல்லண்ணே. இறங்கி, அந்தப் பக்கமா வெளிய போயிருச்சு."

தவசி அந்தக் குண்டை நகத்தால் கீறினார்; நகம் வழுக்கியது. பிறகு துப்பாக்கியைச் சுவரில் சாத்தினார். மடியை அவிழ்த்து எல்லாக் குண்டுகளையும் பட்டறைக் கல்மேல் வைத்தார். வெறுங்கையோடு காளப்பன் தெருவுக்கு இறங்கினார்.