இறங்கி வரும் பந்து

கோவையில் ஒரு கல்லூரி மைதானம். ஞாயிறு காலைகளில் அங்கே மெதுவீச்சு சாஃப்ட்பால் ஆடுகிறவர்களில் வயதில் மூத்தவர் ஆறுச்சாமி. பயிற்சி கொடுக்கும் ஜெசிந்தாவுக்கு அவர் மகள் வயது. ஆனாலும் அவருக்கு அவள் கோச்சம்மாதான்.

மெதுவீச்சில் பந்து பாய்ந்து வராது. கையைத் தாழ்த்தித் தூக்கிப் போடுவார்கள். ஆள் உயரத்துக்கு மேலே ஏறி, சாவகாசமாக இறங்கும். பம்ப் கம்பெனியில் இரும்போடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற மனுஷனுக்கு இதை அடிப்பதா பெரிய காரியம்? ஆனால் அடி விழவில்லை. பந்து உச்சியில் இருக்கும்போதே அவருடைய கால் முன்னால் போய்விடும், மட்டையும் சுற்றிவிடும். பந்து அதற்கப்புறம்தான் வந்து சேரும்.

இந்த வயதில் இந்த வம்பு எதற்கு என்று கேட்காதவர்கள் இல்லை. காரணம் கனடாவில் இருந்தது. மகள் தாரிணி அங்கே இதைத்தான் ஆடுகிறாள். "ஊருக்கு வர்றப்ப நாம சேர்ந்து ஆடலாம்ப்பா" என்று எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்னாள். சொன்னவள் மறந்திருப்பாள். அவர் மறுநாளே மட்டை வாங்கிவிட்டார். அவளைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்ற ஏக்கம் அவருக்குச் சோறு தின்னும்போதுகூட இருந்தது.

அன்று பயிற்சிக்கு நடுவில் போன் அடித்தது. ஓடிப்போய் எடுத்தார். காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில்தான் பேசுவார். மைதானத்துக்கே கேட்டது.

"அப்பா, நல்லா இருக்கீங்..."

"இருக்கறன் கண்ணு. எப்ப வர்றே?"

"பாக்கறேன்ப்பா."

"தீபாவளிக்கா, பொங்கலுக்கா?"

"பாக்கறேன்ப்பா. வெச்சிரட்டுமா?"

திரும்பி வந்தபோது முகம் சுண்டிப்போயிருந்தது.

"கோச்சம்மா, நானும் தலைகீழா நின்னு பாத்துட்டனுங்க. என்ன பண்ணுனா எனக்கு அடி விழும்?"

ஜெசிந்தா அவர் கையிலிருந்த மட்டையை வாங்கிக்கொண்டாள்.

"கையைப் பின்னால கட்டிட்டு நில்லுங்கண்ணா."

பந்தைத் தூக்கிப் போட்டாள்.

"கால் போயிருச்சு," என்றாள்.

மறுபடி போட்டாள். கால் நின்றது, தோள் போய்விட்டது. மறுபடியும் போட்டாள். இந்தத் தடவை கழுத்து.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு அலுக்கவில்லை. கடைசியில் ஒரு பந்து ஏறியது. மேலேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது. அவருக்கு உடம்பெல்லாம் தவித்தது. ஆனாலும் அசையவில்லை. அது இறங்கி, அவரை உரசுகிற மாதிரி வந்து, பின்னால் விரித்திருந்த ரப்பர் விரிப்பில் தொப்பென்று விழுந்தது.

"பந்து மேல சிவப்புத் தையல் இருக்கு, தெரிஞ்சுதுங்களா?"

"இப்பத்தானுங்க பாக்கறன்."

அவள் மட்டையைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் வாங்கியும் நகராமல் நின்றார்.

"நான் முன்னால போகலைன்னா, அது வராமயே போயிருமோன்னு பயமா இருக்குதுங்க கோச்சம்மா."

"வந்துட்டிருக்கற பந்தை எதுக்குங்கண்ணா கூப்பிடறீங்க?"

அன்று ஒரே ஒரு பந்து மட்டையில் சுத்தமாகப் பட்டது.

அடுத்த ஞாயிறும் போன் அடித்தது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"இருக்கறன் கண்ணு."

அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. 'தீபாவளிக்கா' என்ற கேள்வி நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. இரண்டு காலையும் மண்ணில் ஊன்றிக்கொண்டார்.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கறன்."

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. ஆறுச்சாமி ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"எனக்கு வேலை போயிருச்சுப்பா," என்றாள் தாரிணி. "போயி ரொம்ப நாளாச்சு. எப்ப வர்றேன்னு நீங்க கேக்கறப்ப எல்லாம், சொல்ல வாய் வரலை."

தள்ளி, ஜெசிந்தா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவருக்காக நின்றிருந்தாள்.

'வந்துரு கண்ணு' என்று சொல்ல அவருக்கு உயிர் துடித்தது. மகள் அழுதுகொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஏதோ சொல்ல இருந்தது.

அதுவும் வந்து சேரட்டும் என்று, ஆறுச்சாமி வாயைத் திறக்காமல் நின்றார்.