பந்தியில் எழுந்தவர்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. சத்திரப்பட்டிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு சிறிய மடத்தில் சாம்பார் ஊற்றும் பேச்சியம்மாள் அக்கா சொன்னது. நான் எதையும் கூட்டவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன்.

அந்த மடத்தின் குரு உலகம்மை அம்மா. அவருக்கு நாற்பது வயதுக்குள்தான். சீடர் நல்லபெருமாளுக்கு ஐம்பத்தாறு. பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தைத் தனியாளாகத் தொடங்கி, முப்பத்தெட்டுத் தறி வரை கொண்டுவந்தவர். பதினான்கு வருடமாக மடத்துக்கு வருகிறவர்.

ஆடி அமாவாசையன்று அவர் ஒரு ஃபைலோடு வந்தார். தறி, இடம், பெயர் எல்லாவற்றையும் ஒரு பெரிய கம்பெனி கேட்கிறது என்றார். வெளியேறுவதற்கு மதுரை ஆடிட்டர் திட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று ஃபைலைப் பிரித்துக் காட்டினார். தறிக்கு இரண்டு பக்கம், பெயருக்கு மூன்று பக்கம். ஆட்களுக்கு ஒரு வரி: பின்னர் அறிவிக்கப்படும்.

"அவங்ககிட்ட இன்னும் சொல்லலையா?" என்று குரு கேட்டார்.

"சொன்னா நாளைக்கே ஒவ்வொருத்தனா கிளம்பிருவான்மா. ஓடுற தறிக்குத்தான் விலை."

குரு ஃபைலை மூடி அவர் பக்கம் நகர்த்தினார்.

"யார் மனசும் நோகாம எழுந்து வரணும். அதுக்கு வழி சொல்லுங்க."

"சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா."

"வாங்க."

மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுந்துவிட வேண்டும், இலையில் என்ன இருந்தாலும். மெதுவாகச் சாப்பிடுகிறவர் கூச்சப்படக் கூடாது என்று வைத்தது. அதனால் முதலில் முடித்தவர் கடைசி ஆள் முடிக்கும்வரை இலை முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அன்று அறுபது பேர். அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதால் நல்லபெருமாளின் ஆட்களும் வந்திருந்தார்கள். அவருக்கு வலப்பக்கம் கருத்தப்பாண்டி, இருபது வருடமாக அவரிடம் தறி ஓட்டுகிறவர். எதிர்வரிசையில் குரு.

நல்லபெருமாள் வேகமாகச் சாப்பிட்டார். "எங்களை விரட்டுற வேகத்துலயே சோத்தையும் விரட்டுறாரு பாரு," என்று கருத்தப்பாண்டி பேச்சியம்மாளிடம் சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. முதலாளியும் சிரித்தார்.

பிறகு கருத்தப்பாண்டி குரலைத் தாழ்த்தி, போன மாதம் திருப்பூரில் சூப்பர்வைசர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், தங்க வீடும் தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்றுவிட்டேன் என்றார்.

"ஏன்டா?"

"நீங்க இருக்கீங்கல்ல முதலாளி."

நல்லபெருமாள் இலையைப் பார்த்தார். ரசம் வந்தது. அவருடைய சட்டைப் பையில் போன் அடித்தது. இரண்டு முறை விட்டுவிட்டார். மூன்றாவது முறை இடது கையால் எடுத்துப் பெயரைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

வழக்கத்தை மறந்துவிட்டாரா, தனக்கு அது பொருந்தாது என்று நினைத்தாரா, பேச்சியம்மாளுக்குத் தெரியவில்லை. அன்றைய அரிசி அவர் கொடுத்தது.

முதலில் குரு எழுந்தார். பிறகு அறுபது பேரும் எழுந்தார்கள். கருத்தப்பாண்டியின் கையில் பிசைந்த சோறு இருந்தது. அதை இலையில் திரும்ப வைத்துவிட்டு எழுந்தார். அப்போதுதான் சோறு வாங்கிய ஒரு கிழவி, பக்கத்து ஆளின் தோளைப் பிடித்து எழுந்தாள். யாரும் முணுமுணுக்கக்கூட இல்லை.

பேசி முடித்து நல்லபெருமாள் திரும்பி வந்தபோது கூடத்தில் இலைகள் மட்டும் இருந்தன. குரு குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"தப்பு நடந்துபோச்சும்மா. எல்லாரையும் மறுபடி உட்காரச் சொல்லுங்க. வேற சமைக்க நான் ஏற்பாடு பண்றேன்."

"இலையை விட்டு எழுந்தவங்க அன்னைக்கு மறுபடி உட்கார மாட்டாங்க. நாளைக்குச் சமைக்கலாம். ஆனா இவங்களுக்குப் பசிச்சது இன்னைக்கு."

நல்லபெருமாள் வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் ஆட்கள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கருத்தப்பாண்டி அவரைப் பார்த்து, பரவாயில்லை என்பதுபோல் தலையசைத்துவிட்டுப் போனார்.

"நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையேம்மா. எப்படி எழுந்து வர்றது?"

"எழுந்து வந்துட்டீங்களே. ஒருத்தரும் உங்களை ஒண்ணும் சொல்லலையே."

பேச்சியம்மாள் சொன்னது இவ்வளவுதான். தறிக்கூடம் இப்போது இல்லை. அந்த இடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தேன். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள். கிரயம் ஆனி மாதக் கடைசியிலேயே பதிவாகியிருந்தது. அவர் குருவிடம் வழி கேட்க வருவதற்கு மூன்று வாரம் முன்பு.